எவர் முன் விரிகிறது திரை?

தமிழ்ச் சங்கங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பார்ப்போர் ஒன்றைக் காணத் தவறமாட்டார்கள். மார்ச்சுத் திங்கள் எட்டாம் நாளையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையன்று மகளிர் தின விழா. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, கோலப் போட்டி, குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் மாமியாரா மருமகளா என்னும் பட்டிமன்றம், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. அண்மைக் காலமாக இவற்றோடு புதியதோர் அங்கமும் சேர்ந்திருக்கிறது. அது பெண் இயக்குநர் ஒருவரின் குறும்படம். சிறப்பு விருந்தினரின் கார் வழியில் நெரிசலில் சிக்கிக்கொண்டால் படம் முழுவதும் காட்டப்படும். அவர் குறித்த நேரத்தில் வந்துவிட்டால் பாதியில் விளக்குகள் எரியும். எஞ்சிய பாதியை யாரும் கேட்பதில்லை. கேட்கக்கூடியவர்கள் அந்த அரங்கில் இல்லை.

கடைசியாகச் சொன்ன இந்த வாக்கியத்தைப் பற்றியதே நம் வழக்கு. பெண்களின் வாழ்வைப் பற்றிப் பெண்கள் எடுத்த குறும்படங்கள் இந்நாட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகின்றன. அவற்றுள் சிறந்தவை உலகின் எந்தத் திரைப்படத்தோடும் நிகராக வைத்து எண்ணத்தக்கவை. ஆனால் அவை எவருடைய வாழ்வைச் சொல்லுகின்றனவோ அவர்கள் முன்னே விரிய வேண்டிய திரையை நாம் நமக்கு முன்னே விரித்துக்கொண்டோம். பார்த்தோம், கண் கலங்கினோம், கைதட்டினோம், சிற்றுண்டி அருந்தினோம். பெண்ணுரிமைக்குத் தொண்டு செய்துவிட்டதாக எண்ணி வீடு திரும்பினோம். வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

முதலில், "குறும்படந்தானே" என்னும் அலட்சியத்தைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். குறும்படம் என்பது பெரும்படம் எடுப்பதற்கு முன் செய்யும் கைப்பழக்கம், பெண்கள் குறும்படத்தோடு நின்றுவிடுவது ஆற்றல் போதாமையால் என்று நம்மிடையே கற்றவர்களே பேசக் கேட்கிறோம். சங்கத்தின் பெயரைத் தாங்கிய மன்றத்தில் அமர்ந்து இப்படிப் பேசுவோர் சங்க இலக்கியத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. குறுந்தொகைப் பாடல்களின் அளவு நான்கடி முதல் எட்டடி. வெள்ளிவீதியார் குறுந்தொகையிலும் பாடியிருக்கிறார், அகநானூற்றிலும் பாடியிருக்கிறார். அகநானூறு பாடுவதற்காகக் குறுந்தொகையில் கைப்பழகினார் என்று எந்த உரையாசிரியரும் எழுதியதில்லை. அளவு என்பது பொருளைப் பொறுத்தது. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் கிடைக்கும் நேரத்தையும் பொறுத்தது. மாலை ஆறு மணிக்கு ஆலை விட்டு ஏழு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டிய பெண்ணுக்கு மூன்று மணி நேரப் படத்தைக் காட்ட இயலாது. அரைமணிப் படத்தைக் காட்டலாம். காட்டிவிட்டு அரைமணி பேசலாம். அந்த அளவைத் தேர்ந்தவர்கள் தெரிந்தே தேர்ந்தார்கள்.

பெண் இயக்குநர் என்பது நேற்று முளைத்த புதுமையும் அன்று. பிரான்சு நாட்டின் ஆலிஸ் கீ, திரைப்படம் பிறந்த மறு ஆண்டாகிய 1896இலேயே படம் எடுத்தவர். ஆண்கள் துணி தேய்த்துக் குழந்தை வளர்க்க, பெண்கள் புகை பிடித்து மதுக்கடையில் அமர்ந்திருக்கும் உலகத்தை ஒரு நகைச்சுவைக் குறும்படமாக 1906இல் எடுத்துக் காட்டினார். தமிழில் டி.பி. ராஜலட்சுமி 1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கினார். இவற்றைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. "பெண்கள் இப்போதுதான் வருகிறார்கள், ஊக்குவிப்போம்" என்று மேடையில் தலை தடவும் பேச்சுக்கு இனி இடம் இல்லை என்பதற்காகவே சொன்னோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1980இல் பெங்களூரில் 'யுகாந்தர்' என்னும் சிறு குழு ஒன்று உருவாயிற்று. தீபா தன்ராஜ், ஆபா பையா, மீரா ராவ் ஆகிய மூன்று பெண்களும், ஒளிப்பதிவாளர் நவ்ரோஸ் கான்ட்ராக்டரும் அதை நடத்தினர். 1983க்குள் அவர்கள் நான்கு படங்களை முடித்தார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடுவது.

முதற்படம் 'மோல்கரீன்', 1981. வீட்டு வேலைக்காரி என்பதற்கான மராத்திச் சொல்லே அதன் பெயர். புனே நகரத்தில் வீடுதோறும் பாத்திரம் துலக்கித் துணி துவைத்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்து, கூலிக்காகவும் விடுப்புக்காகவும் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்த வரலாற்றை அது சொல்லுகிறது. அவர்கள் அமைத்ததும் சங்கமே என்பதை இந்த மலரைப் படிப்போர் மனத்தில் இருத்த வேண்டும். இரண்டாவது படம், கருநாடகத்தின் வடவெல்லையில் உள்ள நிப்பாணியின் புகையிலைத் தொழிற்கூடங்களைப் பற்றியது (1982). தூசியில் நின்று புகையிலை புடைக்கும் பெண்கள் அதில் தங்கள் வேலையையும் வேலைநிறுத்தத்தையும் தாங்களே விவரிக்கிறார்கள். மூன்றாவது தெலுங்குப் படம். 'இதி கதா மாத்ரமேனா' என்று பெயர். இது வெறுங் கதைதானா என்பது பொருள். ஐதராபாத்தின் 'ஸ்த்ரீ சக்தி சங்கடனா' என்னும் பெண்கள் அமைப்போடு சேர்ந்து 1983இல் எடுத்தது. குடும்பத்துக்குள் நடக்கும் வன்கொடுமையால் தனிமைப்பட்டுப் போகும் ஒருத்தியின் கதையை அவ்வமைப்பின் உறுப்பினர்களே கூடிப் பேசி உருவாக்கி, தாங்களே நடித்தனர். நான்காவதாகிய 'சுதேஷா', இமயமலைச் சாரலில் சிப்கோ இயக்கத்தில் நின்ற ஒரு கிராமத்துப் பெண்ணைப் பற்றியது. மரத்தைக் கட்டித் தழுவும் படத்தை நாளிதழில் பார்த்து வியந்த நாம், அந்தப் பெண்ணுக்குக் காலையில் எத்தனை வேலை இருந்தது என்பதை அப்படத்திற்குப் பின்தான் அறிந்தோம்.

இப்படங்களின் அருமை அவற்றின் பேசுபொருளோடு முடிந்துவிடவில்லை. ப்ரொஜெக்டரையும் படச்சுருளையும் சுமந்துகொண்டு அவர்கள் பெண் தொழிலாளர்களிடம் போனார்கள். புனேப் பெண்களின் படத்தை வேறு ஊர்ப் பெண்கள் பார்த்தார்கள். பார்த்தபின் தங்கள் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். திரையில் தோன்றுபவளும் திரைமுன் அமர்ந்தவளும் ஒரே வேலையைச் செய்பவர்கள். அங்கே கண்ணீருக்கு வேலை இல்லை, "அவள் எவ்வளவு கூலி கேட்டாள்?" என்பதுதான் கேள்வியாக இருக்க முடியும். இத்தகைய கேள்வி நம் விழாக்களில் எழுந்ததுண்டா?

"ஒளிப்பதிவாளர் ஆண்தானே, பிறகென்ன பெண் படம்?" என்று மடக்குவோர் உண்டு. ஆம், கருவியைப் பிடித்தவர் ஆண்தான். எந்தக் கேள்வியைக் கேட்பது, எந்த விடையை வெட்டாமல் விடுவது, படம் முடிந்ததும் எங்கே கொண்டுபோவது என்று முடிவு செய்தவர்கள் பெண்கள். கருவியின் பின்னே நின்றவரின் பாலைவிட இந்த முடிவுகளே படத்தை ஆக்குகின்றன. ஆண் ஒருவர் இப்படி முடிவெடுத்தால் நாம் வாழ்த்தத் தயார். ஆனால் அத்தகையோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பிற்காலத்தில் இந்நான்கு படங்களும் எண்ம முறையில் மீட்டெடுக்கப்பட்டன. மீட்டெடுத்தது பெர்லின் நகரத்து ஆர்செனல் நிறுவனம். 'மோல்கரீன்' எடுக்கப்பட்ட அதே புனேயில் 1964 முதல் நம் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. இதற்குமேல் நாம் எழுதினால் மலர்க்குழுவினர் வெட்ட நேரிடும்.

யுகாந்தர் செய்ததன் அளவை உணர, அதற்கு முன் நம் நாட்டில் குறும்படம் என்றால் என்னவாக இருந்தது என்பதை எண்ண வேண்டும். 1948இல் தோன்றிய பிலிம்ஸ் டிவிஷனின் படங்கள் திரையரங்குகளில் முதன்மைப் படத்துக்கு முன்னால் கட்டாயமாகக் காட்டப்பட்டன. அணை, உரம், தடுப்பூசி, சிறுசேமிப்பு என்று நாட்டுக்கு வேண்டிய செய்திகள் அவற்றில் வந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பெண் அவற்றில் பெரும்பாலும் புத்தி சொல்லப்பட வேண்டியவளாகவே தோன்றினாள். கம்பீரமான ஆண்குரல் ஒன்று மேலிருந்து பேசும், அவள் தலையாட்டுவாள். குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிய படங்களில் அவள் என்ன நினைக்கிறாள் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. தீபா தன்ராஜ் 1991இல் எடுத்த 'சம்திங் லைக் எ வார்' அந்தக் குரலுக்கு நேர்விடையாக அமைந்தது. அது ஒருமணி நேரத்தைத் தொடும் படம். குறும்படத்தின் எல்லையைச் சற்றே தாண்டியது என்றாலும் இங்கே சொல்லாமல் விட மனமில்லை. கருத்தடை அறுவையைத் தாம் எவ்வளவு விரைவாகச் செய்கிறோம் என்று பெருமை பேசும் மருத்துவர் ஒரு பக்கம். வட்டமாக அமர்ந்து தங்கள் உடலைப் பற்றித் தாங்களே பேசி அறிந்துகொள்ளும் பெண்கள் மறுபக்கம். அரசு அலுவலகங்களில் இலக்கு, எய்தியது, எஞ்சியது என்று மூன்று பத்தி போட்டு அறிக்கை எழுதிப் பழகிய நம்மைப் போன்றோர் அந்தப் படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நாம் எழுதும் எண்ணுக்குள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்று அது காட்டுகிறது.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். லீனா மணிமேகலையின் 'மாத்தம்மா' (2002) இருக்கிறது. அரக்கோணத்தை அடுத்த சிற்றூரில் அருந்ததியர் குடும்பங்களின் பெண் குழந்தைகள் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்படும் வழக்கத்தை அது பதிவு செய்தது. பிறகு வந்த 'தேவதைகள்', ஒப்பாரி பாடுபவர், கடலுக்குச் செல்பவர், கேட்பாரற்ற பிணங்களை அடக்கம் செய்பவர் என மூன்று பெண்களைத் தொடர்கிறது. 2008 மும்பை சர்வதேசப் படவிழாவில் தங்கச் சங்கு பெற்றது. மூன்று பெண்களில் ஒருத்திகூட நம் இரக்கத்தை எதிர்பார்த்து நிற்கவில்லை என்பதே அப்படத்தின் சிறப்பு. தங்கச் சங்கு பெற்ற தமிழ்ப் படத்தைத் திரையிட்ட தமிழ்ச் சங்கங்கள் எத்தனை? நகைச்சுவை நடிகரை அழைக்க இலட்சங்களைச் செலவிட்ட சங்கங்களின் எண்ணிக்கையோடு அதை ஒப்பிடலாம்.

அடுத்த குற்றச்சாட்டு, "கருத்து எங்கே?" என்பது. பெண் எடுத்த படம் என்றால் இறுதியில் ஒரு நீதி எழுத்தில் ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பாயல் கபாடியா மாணவியாக இருந்தபோது எடுத்து 2017இல் கான் விழாவின் மாணவர் பிரிவுக்குச் சென்ற பதின்மூன்று நிமிடப் படம் ஒன்று உண்டு. 'ஆஃப்டர்நூன் கிளவுட்ஸ்' என்று பெயர். அறுபது வயதுக் கைம்பெண் ஒருவர்; அவர் வீட்டில் வேலை செய்யும் நேபாளத்து இளம்பெண்; ஒரு பிற்பகல்; மாடத்தில் பூக்கும் ஒரு பூ. வேலைக்காரப் பெண்ணைத் தேடி அவள் ஊரைச் சேர்ந்த கப்பல் தொழிலாளி ஒருவன் வருகிறான். இவ்வளவே. அடி உதை இல்லை, முழக்கம் இல்லை. "இதில் பெண்ணியம் எங்கே?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம். முல்லைப்பாட்டில் தலைவி காத்திருப்பதைத் தவிர வேறென்ன செய்கிறாள்? காத்திருப்பவளின் மனத்துக்குள் புகுவதும் ஒரு செயலே. எசமானியும் பணிப்பெண்ணும் ஒரே கூரையின்கீழ் இருவேறு தனிமைகளில் இருப்பதை அந்தப் பதின்மூன்று நிமிடங்கள் காட்டிவிடுகின்றன. முழக்கத்தையே கேட்டுப் பழகிய காதுக்கு அது எட்டாவிட்டால் படத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை. 1975இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சி, பெண்ணாக இருப்பது என்றால் என்ன என்று கேட்டபோது ஆக்னஸ் வர்தா எட்டே நிமிடத்தில் விடை சொன்னார். பல வயதுப் பெண்கள் நேரே நம்மைப் பார்த்துப் பேசும் படம் அது. நேரே பார்க்கிறார்கள் என்பதே பலருக்குப் பொறுக்கவில்லை.

பரிசுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் சங்கங்கள் பரிசு பெற்ற படம் என்றால்தான் திரும்பிப் பார்க்கின்றன. தில்லிக்கு அருகே ஹாப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பெண்கள் மாதவிடாய்ப் பஞ்சு தயாரிக்கும் கதையான 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டன்ஸ்' 2019இல் ஆஸ்கார் பெற்றது. ராய்க்கா ஸெஹ்தாப்சி என்னும் அமெரிக்கப் பெண் எடுத்தது, 26 நிமிடம். அந்தப் பொறியைக் கண்டுபிடித்தவர் கோவையின் அருணாசலம் முருகானந்தம் என்பதால் தமிழர்களாகிய நாம் பூரித்தோம். பூரிக்கலாம், தவறில்லை. ஆனால் அப்படத்தில் மிக உண்மையான இடம் பொறி அன்று. வகுப்பறையில் ஆசிரியை மாதவிடாயைப் பற்றிக் கேட்க, ஒரு மாணவி எழுந்து நின்று வாய் திறவாமல் தவிக்கும் நேரம்தான் அது. அந்த மௌனத்தை வெட்டாமல் விட்ட கைக்கு நாம் தலை வணங்குகிறோம். அதற்குப் பின் படம் பஞ்சு விற்பனையில் உற்சாகம் கொண்டு விரைந்து விடுவது நமக்கு உவப்பாயில்லை. பொறி வந்துவிட்டால் நாணம் போய்விடும் என்பது வணிகரின் நம்பிக்கை.

பாகிஸ்தானின் ஷர்மீன் ஒபைத் சினாயின் படம் இன்னும் கடினமானது. தானே தேர்ந்து மணந்துகொண்ட ஓர் இளம்பெண்ணை அவள் தந்தையும் சிறிய தந்தையும் சுட்டு, சாக்கிலே கட்டி ஆற்றில் எறிந்தார்கள். அவள் பிழைத்தாள். ஊர் கூடி வற்புறுத்த, அவள் அவர்களை மன்னிக்க நேர்ந்தது. மன்னித்துவிட்டால் வழக்கு இல்லை என்பது அன்றைய சட்டம். 'எ கேர்ள் இன் த ரிவர்' என்னும் அப்படம் 2016 பிப்ரவரியில் ஆஸ்கார் பெற்றது. அதே மாதம் அந்நாட்டுப் பிரதமர் தம் மாளிகையில் அதைத் திரையிட்டார். அக்டோபரில், குடும்பத்தார் மன்னித்தாலும் கொலையாளிக்கு ஆயுள் தண்டனை உண்டு எனச் சட்டம் திருத்தப்பட்டது. படம் ஒன்றே இதைச் செய்தது என்பது மிகை. பல்லாண்டுகள் போராடிய பெண்கள் அங்கே இருந்தார்கள். இடையே ஜூலையில் கந்தீல் பலோச்சின் கொலையும் நாட்டையே உலுக்கியது. ஆயினும் நாற்பது நிமிடப் படம் சரியான நாளில் சரியான நாற்காலிக்கு முன்னே ஓடிற்று என்பதை யாரும் மறுக்க முடியாது. எவர் முன் காட்டுகிறோம் என்பதே படத்தின் பாதி.

இங்கே இப்போது நடப்பது என்ன? ப்ரொஜெக்டரைச் சுமக்க வேண்டிய காலம் போய்விட்டது. கைப்பேசியில் எல்லாம் கிடைக்கிறது என்கிறார்கள். பிரியங்கா பானர்ஜியின் 'தேவி' 2020 மார்ச்சில் அப்படித்தான் யூடியூபில் வெளிவந்தது. வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த பெண்கள் ஒன்பது பேர் ஓர் அறையில் அடைந்திருக்கிறார்கள். புதிதாக ஒருத்தி வாசலில் நிற்க, இடம் போதாது என்று விவாதிக்கிறார்கள். பதின்மூன்று நிமிடத்தில் நெஞ்சைப் பிடித்து உலுக்கும் படம். அதன் தலைப்பில் ஒளிரும் பெயரோ ஒரு மதுபானத்தின் பெயர். மதுவிளம்பரத்துக்குச் சட்டம் தடை போட்டிருப்பதால் குறும்படத் தளம் என்னும் முகமூடி வேண்டியிருக்கிறது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைப் பற்றி இந்நாட்டில் எந்தக் குடியிருப்பில் கேட்டாலும் பெண்கள் சொல்வார்கள். அவர்கள் துயரைச் சொல்லும் படத்துக்கு நெற்றித் திலகம் இட்டது யார் என்று பாருங்கள். இயக்குநரை நாம் பழிக்கவில்லை. பணம் தர வேறு யாரும் முன்வராதபோது அவர் என்ன செய்வார்? முன்வராதவர்களின் பட்டியலில் நாமும் இருக்கிறோம்.

இன்னொரு சுவரும் உண்டு. பொதுமக்களுக்குக் காட்ட 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தணிக்கைச் சான்று வேண்டும். சான்று மறுக்கப்பட்டால் முறையிடுவதற்கென்று இருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. இனி உயர் நீதிமன்றம்தான். பலகோடி செலவழித்தவர் வழக்கறிஞரை வைத்துக்கொள்வார். கடன் வாங்கி இருபது நிமிடப் படம் எடுத்தவள் என்ன செய்வாள்? நீதிமன்ற வாயிலை ஒருமுறையேனும் மிதித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் எழுதியது, தில்லித் தமிழர்களாகிய நம் வாசலுக்கு வருவதற்காகத்தான். ஜங்புராவில் பாராபுல்லா கால்வாயோரம் 'மதராசி கேம்ப்' என்று ஒரு குடியிருப்பு இருந்தது. தமிழகத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே வாழ்ந்தன. அப்பெண்களில் மிகப் பலர் சுற்றியுள்ள காலனிகளில் வீட்டு வேலை செய்தவர்கள். உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் முதல் நாளன்று அது இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றவை 189. அந்த மாற்று வீடும் நரேலாவில். வேலை செய்த வீடுகளிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு அப்பால். வீடு போனதோடு அப்பெண்களின் வேலையும் போயிற்று. ஆண்களின் வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் செய்தியாயின. பத்து மணிக்கு ஒரு வீடு, பன்னிரண்டுக்கு ஒரு வீடு என்று கால்நடையாகவே சென்று வந்தவள், பேருந்து மாறி மாறி வந்து அதே கூலிக்கு அதே பாத்திரத்தைத் துலக்க முடியுமா என்ற கணக்கை அவளே சொல்ல வேண்டும். கூடவே இருந்து கேட்டு, வெட்டாமல் பதிவு செய்ய ஒரு பெண் வேண்டும்.

தமிழ் பேசும் அந்தப் பெண்கள் நம் சங்கங்களின் உறுப்பினர் அல்லர். சந்தா கட்டவில்லை, உண்மை. ஆனால் விழா நாளில் நம் பட்டுப் புடவைகளுக்குக் கஞ்சி போட்டு மடித்துத் தந்தவர்கள் அவர்களில் சிலர். தமிழ் வளர்க்கிறோம் என்கிறோம்; நரேலாவில் வளரும் அவர்களுடைய பிள்ளைகளின் தமிழ் நம் கணக்கில் வருவதில்லை.

ஆகவே சங்கச் செயற்குழுக்களை நாம் கேட்பது இதுதான். வரும் மகளிர் தினத்துக்குச் சிறப்பு விருந்தினரை அழைக்க வேண்டாம். அந்தச் செலவில் இரண்டு பேருந்துகளை நரேலாவுக்கு அனுப்புங்கள். நேரத்தை மாலை ஆறு என்று வைக்காதீர்கள்; வீட்டு வேலை செய்பவளுக்கு ஓய்வு என்று ஒன்று இருக்குமானால் அது பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில்தான். 'மோல்கரீன்' படத்தைத் திரையிடுங்கள். மராத்தி புரியாதே என்று தயங்க வேண்டாம். காட்சிக்குக் காட்சி தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும். கதாகாலட்சேபம் கேட்ட சமூகத்துக்கு அது புதிதன்று. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு ஒலிபெருக்கியை அவர்கள் கையில் கொடுங்கள். அவர்கள் நம்மைப் பற்றிப் பேசுவார்கள். சம்பளம், விடுப்பு, பழைய சோறு, தனி டம்ளர், எல்லாம் வரும். நாம் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். நான்கு மணிக்குப் பேருந்து புறப்பட்டுவிடும்.